என்கிளெக்ஸ் தேர்வுக்கு எதை வைத்துப் படிப்பது, எப்படிப் படிப்பது: முதல்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பதிவுபெற்ற நர்ஸாக (ஆர்.என்.) உரிமம் வாங்க வேண்டுமென்றால் என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வில் தேற வேண்டும். இந்தத் தேர்வை எழுதப் போகிறோம் என்று ஒருமுறை வெளியில் சொல்லிவிட்டால் போதும், நாலாபக்கமிருந்தும் பிடிஎஃப்களும் பழைய நோட்ஸும் வீடியோ இணைப்புகளும் வந்து குவியத் தொடங்கிவிடும். ஒவ்வொருவரும் தனக்கு எது உதவியதோ அதைச் சொல்கிறார்கள், நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர் தடுமாறிய இடத்தில்தான் நீங்களும் தடுமாறுவீர்கள் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அதனால் எந்தப் புத்தகம், எந்தக் கேள்வி வங்கி (பயிற்சிக் கேள்விகளை விளக்கத்தோடு தரும் இணையச் சேவை) என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: என் விடைகள் எதனால் தப்பாகின்றன? இதற்குப் பதில் தெரிந்தால் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, தினமும் எப்படி உட்காருவது என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

என்கிளெக்ஸைத் தயாரிப்பது என்.சி.எஸ்.பி.என். என்ற அமைப்பு. அமெரிக்க மாநிலங்களின் நர்சிங் வாரியங்கள் சேர்ந்த அமைப்பு அது. தேர்வை நடத்தித் தருவது பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் கணினித் தேர்வு மையங்கள். இந்தியாவிலும் மையங்கள் உண்டு. அமெரிக்க உரிமத்துக்கான தேர்வுப் பதிவுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் கூடுதல் கட்டணமும் சேரும். முதலில் ஒரு மாநில வாரியத்திடம் விண்ணப்பித்து, தேர்வெழுதும் அனுமதியைப் பெற வேண்டும். அந்த அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. படிப்புக்கு நாள் குறிக்கும்போது அந்தக் கெடு எப்போது முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கணினி உங்கள் விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. 1994 முதலே இந்த முறைதான். சரியாக விடை சொன்னால் கேள்வி கடினமாகும், தப்பினால் கொஞ்சம் இலகுவாகும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, மொத்த நேரம் 5 மணி. 150 கேள்வி வரை போனாலும் ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் இருக்கிறது. இவற்றில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. அவை எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கும் கேள்விகள், ஆனால் எவை என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது.

இந்த அமைப்பு படிப்பு முறையை நேரடியாகப் பாதிக்கிறது. நன்றாகப் படித்தவருக்கும் தேர்வு முழுக்க கடினமாகவே தோன்றும். பாதிக்குப் பாதி தப்புகிற மாதிரி இருப்பது இந்தத் தேர்வில் இயல்பு. ‘எனக்கு 85-ல் நின்றுவிட்டது’ என்பதை வைத்துத் தேர்ச்சியா தோல்வியா என்று சொல்லவும் முடியாது. நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்று 95 சதவீத உறுதி கிடைத்ததும் கணினி நிறுத்திக்கொள்கிறது. அது எந்தப் பக்கமாகவும் இருக்கலாம்.

2023 ஏப்ரல் 1 முதல் தேர்வு புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. ஒரு நோயாளியின் கோப்பைக் காட்டி, அதை ஒட்டி ஆறு கேள்விகள் கேட்கும் கேஸ் ஸ்டடிகள் வந்திருக்கின்றன. பாதி சரியான விடைக்குப் பகுதி மதிப்பெண் தரும் முறையும் அப்போது வந்ததுதான். எனவே அதற்கு முன் வெளியான கேள்வித் தொகுப்புகள் எவ்வளவு பெயர்பெற்றவையாக இருந்தாலும் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். அக்கா வைத்திருந்த பழைய புத்தகம் பாடத்தைப் புரிந்துகொள்ள உதவும், கேள்விப் பயிற்சிக்குப் போதாது.

பணம் கட்டும் முன் ஒரு வாரம்

முதல் வாரத்தில் எதையும் வாங்காதீர்கள். என்கிளெக்ஸின் அதிகாரபூர்வத் தளத்தில் தேர்வுத் திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கிறார்கள், நீங்கள் எழுதும் தேதிக்குப் பொருந்தும் பதிப்பை எடுங்கள். மாதிரிக் கேள்விகளும், திரையை எப்படிக் கையாள்வது என்று காட்டும் பயிற்சியும் அங்கேயே உண்டு.

தேர்வுத் திட்டத்தைப் பார்த்தால் பலருக்கும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். நாம் கல்லூரியில் படித்ததுபோல மெடிக்கல்-சர்ஜிக்கல், குழந்தைகள், மகப்பேறு என்று பிரித்திருக்க மாட்டார்கள். நோயாளியின் தேவைகளை வைத்துப் பிரித்திருப்பார்கள். 2023-ல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் ‘பராமரிப்பை நிர்வகித்தல்’ என்ற பகுதிக்கு 15 முதல் 21 சதவீதம். யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது, நோயாளியின் உரிமை, ஒப்புதல் போன்றவை இதில் வரும். மருந்துகளுக்கு 13 முதல் 19, தொற்றுத் தடுப்பும் பாதுகாப்பும் 10 முதல் 16. நம்மில் பெரும்பாலோர் நோய்களைப் படிப்பதிலேயே நாளைக் கழித்துவிட்டு, அதிக எடையுள்ள முதல் பகுதியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறோம். அதை மாற்றுங்கள்.

அப்புறம், ஏதாவது ஒரு கேள்வி வங்கியின் இலவச சோதனைக் காலத்தை எடுத்து, எல்லாப் பகுதிகளும் கலந்த கேள்விகளாக ஒரு 75 போட்டுப் பாருங்கள். படிக்காமலே போடுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். இதில் வரும் தவறுகள்தான் இந்த வாரத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது.

தவறுகளை வகை பிரிப்பது

ஒரு தவறு நோட்டு போட்டு, தப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் நேராக ஒரு வரி எழுதுங்கள்: ஏன் தப்பியது? பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

பாடம் தெரியவில்லை. லித்தியத்தின் பாதுகாப்பான ரத்த அளவு 0.6 முதல் 1.2 என்பது தெரியாததால் 1.9 என்ற எண் உங்களைத் திடுக்கிடவைக்கவில்லை. இது தகவல் பற்றாக்குறை.

பாடம் தெரியும், முடிவெடுக்கத் தெரியவில்லை. நான்கு நோயாளிகளின் நோயும் தெரியும், ஆனால் முதலில் யாரிடம் போவது என்பதில் தவறிவிட்டீர்கள். இரண்டு விடைகள் வரை வந்து தப்பானதைத் தொட்டவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. ‘மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டும் கூற்று எது’ என்று கேட்டிருக்கும், நீங்கள் நோயாளி சரியாகச் சொன்ன கூற்றைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கப் பழகாதவர்களுக்கு இது நிறைய நடக்கும்.

நான்காவதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நம் ஊரில் பயின்ற நர்ஸ்களுக்கு மிகவும் முக்கியமானது: நாம் வேலை செய்த விதம் வேறு, அமெரிக்க நடைமுறை வேறு. வார்டில் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கூட இதில் சறுக்குவார். இங்கே டாக்டர் வரும்வரை காத்திருக்கும் இடத்தில், அங்கே நர்ஸ் தானே பரிசோதித்து முடிவெடுக்க வேண்டும். இங்கே உறவினர்களிடம் எல்லாவற்றையும் சொல்வோம், அங்கே நோயாளியின் அனுமதி இல்லாமல் கணவனிடம்கூடச் சொல்லக் கூடாது. இங்கே குளிப்பாட்டுவதும் நடக்கவைப்பதும் பெரும்பாலும் உறவினர் கையில், அங்கே அதற்கென்று உதவியாளர் உண்டு, அவருக்கு மேல் எல்.பி.என். என்று உரிமம் பெற்ற இன்னொரு நிலை உண்டு, அதற்கு மேல்தான் ஆர்.என்.

எந்த வகை அதிகம் என்று எண்ணிப் பார்த்த பிறகு பொருட்களைத் தேர்ந்தெடுங்கள்.

எந்தத் தவறுக்கு எந்தப் பொருள்

முதல் வகை அதிகமென்றால் பாடச்சுருக்கம் தரும் ஒரு ரிவ்யூ புத்தகம் வேண்டும். ஒன்றே ஒன்று. இரண்டு புத்தகங்களில் ஒரே இதயச் செயலிழப்பை இரண்டு விதமாகப் படிப்பதால் ஞாபகம் கூடாது, குழப்பம்தான் கூடும். கல்லூரியின் தடிமனான பாடநூல்களை இப்போது எடுக்க வேண்டாம். அவை நர்ஸை உருவாக்க எழுதப்பட்டவை, தேர்வுக்குத் திருப்பிப் பார்க்க எழுதப்பட்டவை அல்ல. படிப்பை முடித்து ஐந்தாறு ஆண்டு ஆகி, ஒரே பிரிவில் மட்டும் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் புத்தகம் கட்டாயம் தேவை. ஐ.சி.யூ.வில் இருந்தவருக்கு மகப்பேறும் மனநலமும் மறந்திருக்கும், மகப்பேறு வார்டில் இருந்தவருக்கு இ.சி.ஜி. மறந்திருக்கும்.

இரண்டாம் வகை அதிகமென்றால் புத்தகம் உதவாது, நல்ல கேள்வி வங்கிதான் வேண்டும். இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முடிவெடுப்பதில் தப்புகிறவர் மறுபடி மறுபடி பாடத்தையே படித்துக்கொண்டிருப்பார். மூன்று மாதம் கழித்தும் அதே இரண்டு விடைகளுக்கு நடுவில் நிற்பார்.

மூன்றாம் வகைக்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம், பழக்கம் மாற வேண்டும். விடைகளைப் பார்க்கும் முன், கேள்வி என்ன கேட்கிறது என்பதை ஒரே வரியில் தமிழிலேயே மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். ‘இவர் எதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று கேட்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு விடைகளுக்குப் போனால் இந்தத் தவறு வெகுவாகக் குறையும்.

நான்காம் வகைக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். ஒவ்வொரு முறையும் அமெரிக்க நடைமுறையால் தப்பியபோது அந்த விதியை அதில் எழுதுங்கள். உதாரணமாக: மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், பலனை எடைபோடுதல் ஆகியவற்றை ஆர்.என். ஒப்படைக்கக் கூடாது. நிலையான நோயாளியின் ரத்த அழுத்தம் பார்ப்பது, நடக்கவைப்பது, சிறுநீர் அளவைக் குறிப்பது ஆகியவற்றை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம். அறுவை சிகிச்சையின் பலன், ஆபத்துகளை விளக்குவது மருத்துவரின் பொறுப்பு, கையெழுத்துக்குச் சாட்சியாவதே நர்ஸின் பொறுப்பு. இப்படி ஐம்பது அறுபது விதிகள் சேர்வதற்குள் அந்தப் பகுதியில் உங்கள் மதிப்பெண் ஏறத் தொடங்கியிருக்கும்.

கேள்வி வங்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது

யூவேர்ல்ட், ஆர்ச்சர், கப்லான் என்று பல பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். எதை எடுத்தாலும் இவற்றைப் பாருங்கள்.

ஒவ்வொரு தப்பான விடையும் ஏன் தப்பு என்று விளக்கியிருக்கிறதா? சரியான விடைக்கு மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தால் வேண்டாம். இந்தத் தேர்வில் தப்பான விடைகளும் பெரும்பாலும் உண்மையான தகவல்கள்தான், அந்த நேரத்துக்குப் பொருந்தாதவை மட்டும். ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்லித்தராத கேள்வி வங்கிக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அடுத்தது, புதிய வடிவக் கேள்விகள் உண்டா, திரை உண்மைத் தேர்வைப் போல இருக்கிறதா, பகுதி மதிப்பெண் கணக்கு வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, சந்தா எத்தனை நாள் என்று பாருங்கள். டூட்டிக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு 30 நாள் சந்தா வீண்தான், விலை குறைவாக இருந்தாலும்.

இரண்டு கேள்வி வங்கிகளை ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். ஒன்றை முழுமையாக, விளக்கங்களோடு முடிப்பதே பெரிய வேலை. முடித்த பிறகும் நாள் இருந்தால் அதிலுள்ள மாதிரித் தேர்வுகளுக்கு (மதிப்பீட்டுத் தேர்வுகளுக்கு) மட்டும் இன்னொன்றை எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ‘நேற்று தேர்வில் வந்த கேள்விகள்’ என்று குழுக்களில் சுற்றும் தொகுப்புகள் பக்கமே போகாதீர்கள். தேர்வெழுதும் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியில் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். அதை மீறினால் தேர்வு முடிவே ரத்தாகலாம், உரிமமும் கைநழுவலாம். அவற்றில் பல விடைகள் தப்பானவை என்பது இன்னொரு பக்கம். இத்தனை ஆண்டு உழைப்பை அதற்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

ஒரு கேள்வியை எப்படி முழுதாகப் பயன்படுத்துவது

கேள்விகளை எண்ணிக்கைக்காகப் போடுவது பலரிடம் உள்ள பழக்கம். ஒரு நாளில் 150 போட்டேன் என்பார்கள், விளக்கத்தை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். என்னைக் கேட்டால், 40 கேள்விகள் போட்டு, அவற்றின் விளக்கத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் கொடுப்பதே மேல்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இதயச் செயலிழப்புள்ள ஒருவர் டிகாக்சினும் ஃபுரோசமைடும் எடுத்துக்கொள்கிறார். இன்று காலை குமட்டல் என்கிறார், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். பொட்டாசியம் 3.0. நர்ஸ் என்ன செய்ய வேண்டும்? விடைகள்: குமட்டலுக்கு மருந்து கொடுத்துவிட்டு டிகாக்சினை வழக்கம்போலக் கொடுப்பது, டிகாக்சினை நிறுத்திவைத்து, இதயத் துடிப்பைச் சோதித்து மருத்துவரிடம் தெரிவிப்பது, பொட்டாசியம் நிறைந்த உணவுகளைக் கற்றுக்கொடுப்பது, கண் மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்வது.

சரியான விடை இரண்டாவது என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அத்தோடு அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் இந்தக் கேள்வியின் பெரும்பகுதி வீணாகிவிடும். சங்கிலியைச் சொல்லிப் பாருங்கள்: ஃபுரோசமைடு பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும், பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை கூடும், அதன் அடையாளங்கள்தான் குமட்டலும் மஞ்சள் பார்வையும், அதன் ஆபத்து இதயத் துடிப்பு தாறுமாறாவது. மூன்றாவது விடை தப்பு அல்ல, அது நாளைக்குச் செய்ய வேண்டியது. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது கற்பித்தல் பின்னால் போகும். இந்த ஒரு வரி இன்னும் நிறைய கேள்விகளுக்கு விடை தரும்.

அதற்குப் பிறகு கேள்வியை நீங்களே மாற்றுங்கள். இவர் ஃபுரோசமைடுக்குப் பதில் ஸ்பைரனோலாக்டோன் எடுத்து, பொட்டாசியம் 5.8 என்றால்? அப்போது என்ன தேடுவேன், இ.சி.ஜி.யில் எதைப் பார்ப்பேன்? பொட்டாசியம் இயல்பாக இருந்து துடிப்பு மட்டும் 52 என்றால்? இப்படி ஒரு கேள்வியிலிருந்து இரண்டு மூன்று கேள்விகளை உருவாக்கப் பழகினால், தேர்வில் வரும் புதிய சூழல் உங்களுக்கு முற்றிலும் புதியதாக இருக்காது.

சரியாகப் போட்ட கேள்விகளின் விளக்கத்தையும் படியுங்கள். குருட்டாம்போக்கில் சரியானவை எத்தனை என்று அப்போதுதான் தெரியும்.

மறக்காமல் இருக்க

மறுபடி மறுபடி வாசிப்பதும், மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும் படித்த திருப்தியைத் தரும். ஆனால் 2013-ல் உளவியலாளர் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, அந்த இரண்டுக்கும் பலன் குறைவு என்றே கண்டார்கள். அதிகப் பலன் என்று அவர்கள் சொன்னவை இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, படிப்பை இடைவெளி விட்டுப் பல நாட்களில் பிரித்துக்கொள்வது. என்கிளெக்ஸுக்கு இந்த இரண்டும் அப்படியே பொருந்தும்.

நடைமுறையில் இதைச் செய்ய அட்டைகள் போதும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. காகித அட்டையாகவும் இருக்கலாம், ஆங்கி போன்ற செயலியாகவும் இருக்கலாம். செயலி, மறக்கும் தறுவாயில் அட்டையைத் திரும்பக் காட்டும் என்பதால் டூட்டிக்கு நடுவில் பத்து நிமிடம் கிடைத்தாலும் பயன்படும். அடுத்தவர் உருவாக்கிய ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்வதைவிட, நீங்கள் தப்பிய கேள்விகளிலிருந்து நீங்களே எழுதுவது நல்லது. ஒரு தவறுக்கு ஒரு அட்டை. ஒரு அட்டையில் ஒரே விஷயம்.

எதையெல்லாம் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்? லேப் அளவுகள், நச்சுமுறி மருந்துகள், தொற்றுத் தடுப்பு முறைகள். இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை, தெரிந்தால் தெரியும். ஹெப்பாரினுக்கு புரோட்டமின் சல்ஃபேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, மெக்னீசியம் சல்ஃபேட்டுக்கு கால்சியம் குளுக்கோனேட். காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்குக் காற்றுவழித் தடுப்பு, என்95 முகக்கவசம். சி.டிஃப் என்ற குடல் பாக்டீரியாத் தொற்றில் சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். மீதமுள்ளதை மனப்பாடம் செய்யாமல் காரணத்தோடு புரிந்துகொள்ளுங்கள்.

மருந்துகள்

பலரும் பயப்படுவது இதற்குத்தான். ஆயிரம் மருந்துகளைத் தனித்தனியாகப் படிக்க முடியாது, தேவையும் இல்லை. குடும்பமாகப் படியுங்கள். ‘லால்’ என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர், நாடித்துடிப்பைப் பார். ‘பிரில்’ என்று முடிந்தால் ஏ.சி.இ. தடுப்பான், வறட்டு இருமலையும் பொட்டாசியத்தையும் முகவீக்கத்தையும் பார். ‘ஸ்டாட்டின்’ என்றால் தசைவலி, கல்லீரல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதற்குக் கொடுக்கிறார்கள், கொடுக்கும் முன் எதைப் பார்ப்பது, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது, நோயாளியிடம் என்ன சொல்வது என்ற நான்கும் தெரிந்தால் போதும்.

தேர்வில் வணிகப் பெயர் பொதுவாக வராது, பொதுப்பெயர்தான் வரும். ஆனால் அந்தப் பொதுப்பெயரே அமெரிக்காவில் வேறாக இருக்கும். நம் பாரசிட்டமால் அங்கே அசெட்டமினோஃபென். சால்புட்டமால் அங்கே ஆல்புட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெப்பெரிடின், ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின், கிளைபென்கிளமைடு கிளைபுரைடு. தினமும் கையால் எடுத்துக் கொடுத்த மருந்தையே தேர்வில் பார்த்து இது என்ன என்று திகைப்பது வீண் இழப்பு. இந்தப் பட்டியலை முதல் வாரத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

டோஸ் கணக்குகளில் எடை பவுண்டில் வரலாம். 1 கிலோ 2.2 பவுண்ட். உட்கொண்ட திரவத்தின் அளவு அவுன்ஸில் வந்தால் 1 அவுன்ஸ் 30 மில்லி. தினமும் ஐந்து கணக்கு போட்டால் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும், ஆகவே பெருக்கத் தெரிவதைவிட எதை எதால் பெருக்குவது என்பதில் கவனம் வையுங்கள். எத்தனை தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொல்கிறார்கள் என்பதையும் படியுங்கள்.

கேஸ் ஸ்டடிகள்

புதிய வடிவக் கேள்விகளுக்கு அடிப்படை, நர்ஸ் முடிவெடுக்கும் ஆறு படிகள். எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அது எதைக் காட்டுகிறது, எந்தப் பிரச்சினை முதன்மையானது, என்னென்ன செய்யலாம், எதைச் செய்கிறேன், பலன் கிடைத்ததா. கேஸ் ஸ்டடியின் ஆறு கேள்விகளும் இந்த வரிசையில்தான் வரும். எனவே ஒவ்வொன்றையும் முடித்ததும் எந்தப் படியில் தப்பினேன் என்று பாருங்கள். முதல் படியிலேயே தப்புகிறவர் கோப்பை அவசரமாகப் படிக்கிறார் என்று பொருள். மூன்றாவதில் தப்புகிறவருக்கு முன்னுரிமைப் பயிற்சி வேண்டும்.

டூட்டியில் இருக்கும்போதே இதற்குப் பயிற்சி எடுக்கலாம். ஷிஃப்ட் ஏற்கும்போது ஒரு நோயாளியின் கோப்பைப் பார்த்து, இதில் எந்த மூன்று தகவல்கள் என்னைக் கவலைப்படுத்துகின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி எந்தச் சந்தாவிலும் கிடைக்காது.

‘பொருந்துபவை அனைத்தையும் தேர்ந்தெடு’ வகைக் கேள்விகளில் சரியானதற்கு மதிப்பெண் கூடும், தப்பானதற்குக் கழியும். மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எல்லாவற்றையும் தொட்டுவிடுவது உதவாது. ஒவ்வொரு விடையையும் தனியாக எடுத்து, இது உண்மையா பொய்யா என்று மட்டும் கேளுங்கள். உறுதியில்லாததை விட்டுவிடுங்கள்.

வீடியோவும் பயிற்சி வகுப்பும்

வீடியோவுக்கு ஓர் இடம் உண்டு: படித்துப் புரியாத ஒன்றை விளங்கிக்கொள்ள. அமில-காரச் சமநிலை, மார்புக் குழாய், இ.சி.ஜி. போன்றவற்றைக் கண்ணால் பார்த்தால் எளிது. மற்றபடி மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது படிப்பு ஆகாது. பத்து நிமிடம் பார்த்தால் நிறுத்தி, பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.

பயிற்சி வகுப்பு எல்லோருக்கும் தேவையில்லை. தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடாது என்பவருக்கும், ஆங்கிலக் கேள்விகளை யாராவது கூட இருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்பவருக்கும் அது உதவும். சேரும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் மட்டும் பேசிக்கொண்டே போனால் வேண்டாம், மாணவர்களிடம் ‘ஏன் மூன்றாவது விடை இல்லை?’ என்று கேட்டால் சேரலாம். தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தால், அந்த உத்தரவாதத்தின் நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்.

கூடிப் படிப்பதென்றால் இரண்டு மூன்று பேர் போதும். ஒருவர் ஒரு கேள்வியை எடுத்து, தன் விடைக்கான காரணத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எங்கே சறுக்குகிறோம் என்று தெரிந்துவிடும்.

டூட்டிக்கு நடுவில் நேரம்

முழுநேரம் படிக்கிறவருக்கும் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. டூட்டி நாளில் அட்டைகளும் 15 கேள்விகளும் போதும். விடுப்பு நாளில் 60, 75 என்று உட்காருங்கள். நைட் முடிந்த காலையில் புதிய பாடத்தைத் தொடாதீர்கள், தூங்குங்கள். அரைத் தூக்கத்தில் போட்ட கேள்விகள் தப்பும், அந்தத் தப்பு உங்களைப் பற்றி உண்மையைச் சொல்லாது, மனம் மட்டும் தளரும்.

வாரத்தின் கேள்விகளை ஆரம்பத்தில் ஒரே பாடமாகப் போடலாம். மூன்றாவது வாரத்திலிருந்து கலந்து போடுங்கள். உண்மைத் தேர்வில் நீரிழிவுக்கு அடுத்து பிரசவமும், அதற்கடுத்து மனச்சிதைவும் வரும். தாவித் தாவி யோசிக்கப் பழக வேண்டும்.

தேர்வுத் தேதியை எப்போது எடுப்பது

கேள்வி வங்கியில் வரும் சதவீதத்தைப் பள்ளி மதிப்பெண்போலப் பார்க்காதீர்கள். நல்ல கேள்வி வங்கிகளில் கேள்விகள் கடினம், அறுபதைத் தொட்டாலே பலர் நன்றாக இருக்கிறார்கள். போக்கைப் பாருங்கள்: மூன்று வாரங்களாக ஏறுகிறதா, நிற்கிறதா? பெரும்பாலான கேள்வி வங்கிகளில் மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றிரண்டு உண்டு. முதலாவதைப் பாதித் தயாரிப்பில் எழுதுங்கள், இரண்டாவதைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால், இடையில் எழுந்திருக்காமல், போனை அணைத்துவிட்டு எழுதுங்கள். தவறு நோட்டில் புதிய வகைத் தவறுகள் வராமல், பழையவையே அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகின்றன என்றால் தயாராகிவிட்டீர்கள்.

தயாரான பிறகும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். படித்தது மறக்கத் தொடங்கும்.

கடைசி வாரத்தில் புதிய பொருள் எதையும் திறக்க வேண்டாம். தவறு நோட்டு, அமெரிக்க நடைமுறை நோட்டு, லேப் அளவுகள், தொற்றுத் தடுப்பு. முந்தின நாள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தேர்வு அனுமதியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதும் நம் பெயர்களில் இது பெரிய தொல்லை, ஒரு மாதம் முன்பே சரிபார்ப்பது இன்னும் நல்லது. தேர்வு நடுவில் இடைவேளை எடுக்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. இருந்தாலும் கண் மங்கினால் எடுங்கள், ஐந்து நிமிட ஓய்வு அடுத்த இருபது கேள்விகளைக் காப்பாற்றும்.

இரண்டாம் முறை எழுதுகிறவர்களுக்கு

தேறாதவர்களுக்கு ஒரு செயல்திறன் அறிக்கை வரும். ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, அருகிலா, கீழா என்று அதில் இருக்கும். வருத்தத்தில் அதைத் திறக்காமலே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. திறந்து பாருங்கள், அதைவிடத் துல்லியமான தகவல் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. ‘கீழே’ என்று வந்த பகுதிகளை முதலில் எடுங்கள், ‘அருகில்’ என்றவை அடுத்து. ‘மேலே’ என்றவற்றை வாரத்துக்கு ஒருமுறை கலந்த கேள்விகளில் தொட்டுக்கொண்டால் போதும்.

மறுதேர்வுக்குக் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 45 நாளில் பழைய கேள்வி வங்கியையே திரும்பப் போடாதீர்கள். விடைகள் நினைவில் இருப்பதால் சதவீதம் ஏறும், உங்கள் திறன் ஏறியிருக்காது. இப்போதுதான் இன்னொரு கேள்வி வங்கிக்குப் பணம் கட்டலாம். அதில் முதல் 75 கேள்விகளைக் கலந்து போட்டுவிட்டு, தவறுகளை மறுபடி நான்காகப் பிரியுங்கள். முதல்முறை இருந்த காரணமும் இப்போது இருக்கும் காரணமும் ஒன்றாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.